எப்பாப்பிரோதீத்து எங்கே படுத்திருந்தான்?

டாக்டர் மனோகர் பேசிவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை சுந்தரராஜுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. ஆட்டுக்கறிக் குழம்புதான். ஆனாலும் ஒரு கவளம் வாயில் வைத்தால் அந்த ஆளுடைய சிரிப்பு ஞாபகத்துக்கு வந்து குமட்டியது.

மனோகர் பெங்களூரில் வேதசாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறவர். பேருக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி மாதிரி பட்டங்களைக் கோர்த்திருந்தார். தங்கவயலில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், சுரங்கக் கூலிகளின் லைன் வீடுகளுக்கு நடுவே இருக்கும் சபைக்கு நூறு வருஷம் ஆகிறது என்று அவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர் சுவரில் படம் காட்டினார். படத்தில் பவுல் அப்போஸ்தலர் கையில் சங்கிலியோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். "ரோமாபுரி சிறையிலிருந்து பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதின நிருபம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவினார்.

தாவ விடுவாரா சுந்தரராஜ்? எழுந்து நின்றார்.

"ஐயா, ஜெயில்லேர்ந்து எழுதினாருன்னு நிருபத்திலயே கீது. எந்த ஊரு ஜெயிலுன்னு எங்க எழுதிகீது?"

"ஆதியிலேர்ந்து ரோமாபுரின்னுதான் சொல்றாங்க பெரியவரே. இராயனுடைய அரமனையில இருக்கிறவங்க வாழ்த்து சொல்றாங்கன்னு கடைசியில வருதே. இராயன்னா சக்கரவர்த்தி, அவன் ரோமாபுரியிலதானே இருந்தான்?"

"அப்போ எத்தனை நடை ஆவுதுன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

"என்ன நடை?"

"ஆளுங்க போயி வந்த நடை."

மனோகர் சிரித்தார். கோபத்தில் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சின்னப் பிள்ளை பல் விழுந்ததைக் காட்டினால் சிரிப்போமே, அப்படிச் சிரித்தார். "அதெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்க பாத்துக்குவாங்க பெரியவரே. நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அதோடு ஆமென், ஸ்தோத்திரம், தேநீர், பிஸ்கோத்து. சுந்தரராஜ் பிஸ்கோத்தைத் தொடவில்லை.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. சுந்தரராஜ் எடுக்கிற புதன்கிழமை வேதபாட வகுப்பை இனிமேல் முறையாகப் படித்த ஆள் யாராவது எடுக்கட்டும் என்று செயலாளர் ஹேமந்த் சொன்னானாம். போதகர் நல்ல மனுஷன், ஆனால் முதுகெலும்பு கிடையாது. நேரே வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நூற்றாண்டு மலர்ல உங்களுக்கு ஒரு பக்கம் தர்றோம். உங்க நியாயத்தை எழுதுங்க. சபையார் படிச்சு சரிதான்னு சொன்னா வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா..." என்று இழுத்தார்.

"இல்லேன்னா?"

"வயசும் ஆவுது இல்லிங்களா."

வயசு ஆகிறதாம்! எழுபத்தாறு வயதில் சுந்தரராஜ் கண்ணாடி போடாமல் வேதாகமம் வாசிப்பார். முப்பத்தொரு வருஷமாக ஒரு புதன்கிழமை தப்பியதில்லை. சுரங்கத்தை மூடினார்கள், வகுப்பு மூடவில்லை. ஊரில் பாதிப் பேர் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு ஓட ஆரம்பித்தார்கள், வகுப்பு ஓடிப்போகவில்லை. கொரோனாவில் ஊரே கதவைச் சாத்தியபோது லைன் வீட்டு வாசல்களில் ஆளுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, நடுத்தெருவில் நின்று கத்தி நடத்தினார். யாருடைய சிபாரிசிலும் வந்ததில்லை அது. பதினெட்டு வயதில் கல் வாரும் கூலியாகப் பூமிக்குள் இறங்கி, ஒருத்தன் காலையும் பிடிக்காமல், ஒருத்தனுக்கும் சாராயம் வாங்கிக் கொடுக்காமல் ஃபோர்மேனாக ஏறியவர். தமிழைச் சரளமாகப் படித்ததே வேதாகமத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான். அந்த வகுப்பைத்தான் இப்போது, அழுக்குத் துணியை இரண்டு விரலால் எடுக்கிற மாதிரி எடுத்து அப்பால் வைக்கப் பார்த்தார்கள்.

சரி, எழுதுகிறேன் என்றார்.

எழுதினார் பாருங்கள், பத்து நாள். வேதாகமத்தின் கடைசியில் இருக்கும் வரைபடத்தின்மேல் நூலை வைத்து வளைத்து வளைத்து அளந்தார். பிலிப்பியிலிருந்து ரோமாபுரிக்கு நடந்தும் கப்பலேறியும் போனால், காற்று நல்லபடியாக இருந்தாலே ஒன்றரை மாதம் என்று கணக்குப் போட்டார். ஆசியாக் கரையில் இருக்கும் எபேசு பட்டணத்துக்கோ பத்தே நாள்.

இனி நடை. நிருபத்திலேயே எல்லாம் இருக்கிறது. பவுல் சிறையில் இருக்கிற சேதி பிலிப்பிக்குப் போகிறது, அது ஒரு நடை. சபையார் கொடுத்தனுப்பிய உதவியை எடுத்துக்கொண்டு எப்பாப்பிரோதீத்து என்கிற ஆள் வருகிறான், இரண்டு. வந்த ஆள் சாகிற மாதிரி வியாதியில் விழுகிறான். அந்தச் சேதி பிலிப்பிக்குப் போகிறது, மூன்று. ஐயோ நம்ம ஆளுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அவர்கள் வருத்தப்பட்ட சேதி திரும்பி வருகிறது, நான்கு. இதற்கப்புறம்தான் பவுல் கடிதமே எழுத உட்காருகிறார். அதிலும் கூட இருக்கிற தீமோத்தேயுவைச் சீக்கிரம் அனுப்புகிறேன், நானும் சீக்கிரம் வருகிறேன் என்கிறார். ரோமாபுரி என்றால் நாலு நடைக்கு ஆறு மாதம். ஆறு மாதம் இழுக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எவனாவது 'சீக்கிரம்' என்பானா? எபேசு என்றால் நாற்பது நாள். கைக்கெட்டுகிற கணக்கு.

சரி, இராயனுடைய அரமனை? அதற்குத்தான் சுந்தரராஜிடம் யாரும் வாயைத் திறக்க முடியாத பதில் இருந்தது. தங்கவயலில் பங்களா கக்கூஸ் கழுவினவன்கூட நாங்கள் கம்பெனி ஆளுங்க என்றுதான் சொல்லிக்கொண்டான். கம்பெனிக்கு முதலாளி லண்டனில் இருந்தான். அதற்காகக் கக்கூஸ் கழுவினவன் லண்டனிலா இருந்தான்? இராயனுடைய வேலைக்காரன் இராயன் ராஜ்யத்தில் எந்த மூலையில் இருந்தாலும் இராயன் வீட்டு ஆள்தான்.

எபேசுவில் பவுல் சிறையிலிருந்ததாக வேதத்தில் எங்கும் எழுதவில்லையே என்று கேட்பார்கள். எழுதாவிட்டால்? தான் பலதரம் காவலில் கிடந்ததாகப் பவுலே வேறொரு நிருபத்தில் சொல்கிறார். சுந்தரராஜுக்குச் சுரங்கத்தில் ஏழு தடவை அடி. ரெஜிஸ்டரில் இரண்டுதான் ஏறியது. மற்ற ஐந்தும் பொய்யா? சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டட்டுமா?

கடைசியில் தன்னைப் பற்றியும் பன்னிரண்டு வரி சேர்த்தார். கல் வாரியது, ஃபோர்மேன் ஆனது, அஞ்சாவது படித்தது, முப்பத்தொரு வருஷம் வகுப்பு நடத்தியது. கோட்டுப் போட்ட போட்டோ ஒன்றும் கொடுத்தார். ஹேமந்த் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் பக்கமாக்கி, சனிக்கிழமை காலை போனில் அனுப்பினான். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்றும் எழுதியிருந்தான். சுந்தரராஜ் பக்கத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். தலைப்பு கொட்டை எழுத்தில், 'பவுல் எழுதியது எபேசு சிறையிலே!' என்று இருந்தது. ஆச்சரியக்குறி அவரே போடச் சொன்னது.

சும்மா சொல்லக்கூடாது, போட்டோவில் ஆள் மாஜிஸ்திரேட் மாதிரி இருந்தார்.

வீட்டுப் பின்பக்கத்தில் மங்கம்மா ஞாயிற்றுக்கிழமைக்காகப் போட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்குடலைச் சுண்ணாம்பும் வெந்நீரும் போட்டு உரிக்கிற நாற்றம் தெரு வரைக்கும் வந்தது. மங்கம்மா அவர் பெண்டாட்டி. கலியாணத்துக்கு ஞானஸ்நானம் எடுத்து மார்த்தாள் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரில் அவளை இதுவரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அவள் வேதபாட வகுப்பை எட்டிப் பார்த்ததும் இல்லை. சுந்தரராஜ் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு பக்கத்தில் நின்று பக்கம் முழுவதையும் வாசித்துக் காட்டினார். யாருக்காவது வாசித்துக் காட்டவேண்டியிருந்தது.

மங்கம்மா குடலை உதறி வேறு தண்ணீரில் போட்டாள்.

"யோவ், அந்த எப்பா... அந்த ஆளு. அவன் எங்க படுத்துக்கினான்?"

"எப்பாப்பிரோதீத்து. ஜெயிலாண்ட வந்து படுத்துக்கினான்."

"அப்படின்னு எழுதிகீதா?"

சுந்தரராஜ் நிருபத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். வியாதியாயிருந்தான் என்று எழுதியிருக்கிறது. மரணத்துக்குச் சமீபமாயிருந்தான் என்று எழுதியிருக்கிறது.

"ஊருன்னு எழுதல. வந்த எடத்துலதான் படுப்பான். வேற எங்க படுப்பான்?"

"ஒன்றரை மாசம் வழின்றியே. வழியிலயே பேதி புடுங்கிக்கினு படுத்துட்டான்னா? கூட வந்தவன் திரும்பிப் போயி ஊர்ல சொல்லிட்டிருப்பான். இவன் இங்க வந்து சேர்றதுக்குள்ள அங்க அழுது முடிச்சிருப்பாங்க. நீ அதை முழுசா ரெண்டு நடைன்னு எண்ற."

"வழியில படுத்தவன் எழுந்து வந்து சேந்தப்புறம்தாண்டி சேதி போவும்! ஒரு நடை முடிஞ்சாத்தான் அடுத்த நடை. சுரங்கத்துல ஆளை ஏத்தற கேஜ் மேல வந்தாத்தானே மறுபடி கீழ போவும்?"

மங்கம்மா கையை நிறுத்தினாள். முழங்கை வரை சுண்ணாம்பும் கொழுப்பும் ஒட்டியிருந்தது.

"நீ கேஜைப் பத்தி எனக்குச் சொல்றியா? எழுவத்தொம்போதுல ஏர் பிளாஸ்ட் வந்து, பாறை வெடிச்சு உன் கால் மேல கல்லு வுழுந்துச்சே. உன்னைத் தூக்கினு வந்து நடு லெவல்ல போட்டு வெச்சிருந்தாங்க, அடுத்த கேஜுக்கு."

"ஆமா. மூணு மணி நேரம்."

ஆழச் சுரங்கத்தில் ஒரே கேஜில் மேலே வர முடியாது. பாதியில் இறங்கி, நடந்து, இன்னொரு கேஜ் மாற வேண்டும். மாறுகிற இடத்தில் பலகைமேல் கிடந்தது சுந்தரராஜுக்கு நன்றாக ஞாபகம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போடாமல் கிடந்தார். மற்றவனாக இருந்தால் அலறியிருப்பான்.

"உன்கூட வேலை செஞ்ச நாகேஷு நல்லாத்தானே இருந்தான். அவன் முன்னாடியே ஏறி மேல வந்துட்டான். நேரா நம்ம வூட்டுக்குத்தான் வந்தான். பிளாஸ்ட் அடிச்சப்பவே பாத்திரமெல்லாம் உருண்டு லைனே வெளிய நின்னுக்கினு இருந்துச்சு. காலுதான், உயிருக்கு ஒண்ணும் இல்லன்னான். நான் அழுதேன், மூஞ்சி கழுவினேன், அடுப்பு மூட்டினேன், ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ ஸ்ட்ரெச்சர்ல வந்து எறங்கறப்போ உன் வாய்ல கஞ்சி ஊத்தினேனே, சுடச்சுட. அது எப்படி வந்துச்சின்னு நாப்பத்தஞ்சு வருசத்துல ஒரு நாளாவது கேட்டியா?"

கேட்கவில்லை. குடித்தார். உப்புக் கம்மி என்று சொன்னதுகூட ஞாபகம் வந்தது.

"எல்லாச் சேதியும் ஐயா கூடவே கேஜ்ல ஏறி வந்துச்சின்னு நெனச்சிக்கினு இருக்கிற," என்று சொல்லிவிட்டு மங்கம்மா மறுபடி குடலை உரிக்க ஆரம்பித்தாள்.

சுந்தரராஜ் உள்ளே வந்து நூலை எடுத்தார். நாகேஷை ஒரு பக்கமும் எப்பாப்பிரோதீத்தை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தார். வழியில் படுத்தான் என்று வைத்தால் மூன்றாம் நடை பாதியிலிருந்தே கிளம்பிவிடுகிறது. இவன் மெல்லத் தேறி வருகிற நேரத்தில் அது ஊரைத் தொட்டு, நான்காம் நடையும் இவன் பின்னாலேயே வந்துவிடும். ஆறு மாதம் நாலரை மாதத்துக்குச் சுருங்கியது. பவுல் ரோமாபுரியில் இரண்டு வருஷம் காவலில் இருந்தார் என்று வேதமே சொல்கிறது. நாலரை மாதம் அதற்குள் தாராளமாக அடங்கும்; சேதி அத்தனை சுருக்காகப் போய்வந்தால் 'சீக்கிரம்' என்றும் சொல்லலாம். எபேசு பொய் என்று ஆகவில்லை. ஆனால் ரோமாபுரி முடியாது என்று அடித்துச் சொல்ல முடியாது. கொட்டை எழுத்துத் தலைப்பும் ஆச்சரியக்குறியும் கிழிந்து தொங்கின.

நூலைச் சுருட்டி வரைபடத்தின்மேல் எறிந்தார். பத்து நாள் கண்ணைப் பிசைந்து பிசைந்து எண்ணிய எண்ணிக்கையை, கையெல்லாம் சாணியும் கொழுப்புமாக உட்கார்ந்திருக்கிற பொம்பளை ஒரு கேள்வியில் கவிழ்த்துவிட்டாளே! அதைவிடக் கேவலம், கஞ்சியைக் குடித்தவன் இத்தனை வருஷம் அதை யோசிக்காமல் இருந்தது.

"இப்போ இன்னாயா?" என்று பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மூஞ்சி ஏன் அப்படி போவுது? அந்த பெங்களூர் ஆளுக்கு இது தெரியுமா?"

"அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது."

"ஹேமந்துக்கு?"

"அவனுக்கு அதுவும் தெரியாது."

"அப்புறம் இன்னா? வுடு. நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. கிளாஸு உனக்கே இருக்கட்டும்."

அதுதான் விஷயம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் வகுப்பு அவருக்கே. மலரைப் படிக்கிற ஐந்து பத்துப் பேரும் நாலு நடை, ஆறு மாதம், பத்து நாள் என்று படித்து வாயைப் பிளப்பார்கள். மனோகருக்கு ஒரு காப்பி தபாலில் அனுப்பலாம் என்றுகூட நினைத்து வைத்திருந்தார்.

ஆனால் சுந்தரராஜ் ஃபோர்மேன். ஷிப்ட் முடிந்தால் இறங்கின தலைக்கு ஏறின தலை சரியாக இருக்க வேண்டும். சரியாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவார். ஒரு தலை குறைந்தால், அவன் மூத்திரம் போயிருப்பான் சார், வந்துடுவான், நீங்க போடுங்க என்று மேஸ்திரி கெஞ்சுவான். போட மாட்டார். இருபது பேரைக் காக்கவைத்து, அவர்களிடம் அம்மா அக்கா என்று திட்டு வாங்கிக்கொண்டு நிற்பாரே தவிர, போட மாட்டார். அப்படி நின்றவர் இன்றைக்குக் குறைகிற தலையைக் கண்ணால் பார்த்தபிறகு எப்படிப் போடுவார்?

தூ என்று முற்றத்தில் துப்பிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

ஹேமந்த் வீடு ராபர்ட்சன்பேட்டையில். ஆட்டோவில் போகிற வழியெல்லாம், பொன் பிரித்தெடுத்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி அடித்தது. பொன்னை எடுத்துக்கொண்டு போனவர்கள் எச்சிலை மட்டும் மலையாகக் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்; மூக்கு, பல், சட்டைக் காலர், எல்லாம் அதுதான். ஹேமந்த் வீட்டுக்குள்ளே அதற்கு நேர்மாறாக, ரோஜா வாசனை வருகிற ஏதோ ஒன்றைச் சுவரில் சொருகி வைத்திருந்தார்கள். அதில் இன்னும் தலை வலித்தது.

ஹேமந்த் அரை டவுசரோடு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். "வாங்க அங்கிள்! பக்கம் பாத்தீங்களா? போட்டோ சூப்பரா வந்திருக்கு இல்ல?"

"கட்டுரையில தப்பு இருக்குது. மாத்தணும்."

"ஸ்பெல்லிங்கா? நான் செக் பண்ணேனே."

"எழுத்துல இல்ல. நடையில. நீ படிச்சியா?"

ஹேமந்த் கழுத்தைச் சொறிந்தான். "பாத்தேன் அங்கிள்."

"படிச்சியான்னு கேட்டேன். எபேசா, ரோமாபுரியா, நீ இன்னா நெனைக்கிற?"

"எதுவா இருந்தா என்ன அங்கிள்? ரெண்டுமே நல்ல ஊருதானே." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டா? கமிட்டியில எல்லாரும் போட்டோவையும் உங்க வாழ்க்கை வரலாறையும் பாத்துட்டே ஓகே சொல்லிட்டாங்க. ஃபோர்மேன்லாம் ஆகியிருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. கிளாஸ் உங்களுக்குத்தான். யாரும் உள்ள படிக்கப் போறதில்ல. சும்மா எதுக்கு மாத்தறீங்க?"

சுந்தரராஜுக்கு நாக்கின் அடியில் எச்சில் கசந்தது. மனோகர் சிரித்தது எவ்வளவோ மேல். அவன் கேள்வியையாவது காதில் வாங்கிச் சிரித்தான். இவர்கள் எபேசுவையும் ரோமாபுரியையும் பவுலையும் சங்கிலியையும் ஒன்றாகச் சுருட்டி, கோட்டுப் போட்ட போட்டோவுக்குக் கீழே பாய் மாதிரி விரித்திருக்கிறார்கள். அந்தப் பாயில் ஏறி உட்கார்ந்துதான் அவர் வகுப்பு நடத்த வேண்டுமாம்.

"எவ்ளோ எடம் இருக்குது பக்கத்துல?"

"இடமே இல்லை அங்கிள். ஃபுல்லு."

"போட்டோவை எடு."

"அங்கிள்!"

"எடுடா. கீழ என்னைப் பத்தி பன்னண்டு வரி இருக்குதே, அதையும் எடு."

"அதுதான் அங்கிள் நல்லா இருக்கு! அதை எடுத்தா கமிட்டியில—"

"கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். எடு."

ஹேமந்த் பெரிய மூச்சு விட்டு மவுஸை அழுத்தினான். கோட்டு, மாஜிஸ்திரேட் முகம், கல் வாரியது, அஞ்சாவது, எல்லாம் ஒரு சொடுக்கில் போய், வெள்ளையாகக் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை சுந்தரராஜுக்கு. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். எப்பாப்பிரோதீத்து எங்கே படுத்தான் என்று எழுதவில்லை; வழியில் படுத்திருந்தால் சேதி பாதியிலிருந்தே திரும்பியிருக்கும்; அப்படியானால் நாலு நடைக்கு ஆறு மாதம் ஆகாது; ரோமாபுரியும் கூடும். ஹேமந்த் தட்டிக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் விரலை நிறுத்தினான்.

"இது யாரு சொன்னது அங்கிள்? ஏதாவது புத்தகத்துலயா? பேர் போடணுமே."

சுந்தரராஜ் நாற்காலியின் முதுகை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"மங்கம்மா. ஸ்கெலட்டன்."

"உங்க வீட்டு அம்மாவா? அவங்க கிளாஸுக்கே வந்ததில்லையே!"

"நீ மட்டும் வந்தியா? அடிடா."

அடித்தான். முடிந்ததும் பக்கத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தான். முதல் தடவையாக ஒவ்வொரு வரியாக அவன் கண் போவதைச் சுந்தரராஜ் பார்த்தார். நடுவில் ஒரு இடத்தில் புருவத்தைச் சுருக்கி மேலே போய்த் திரும்பப் படித்தான்.

"அங்கிள், இப்போ தலைப்பு ஒத்து வரலையே. மேல எபேசு சிறையிலேன்னு இருக்கு. கீழ ரோமாபுரியும் கூடும்னு வருது. அப்போ எங்கேர்ந்துதான் எழுதினாரு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னு போடு. தலைப்புல."

"நூற்றாண்டு மலர்ல, கொட்டை எழுத்துல, தெரியாதுன்னா? படிக்கிறவங்க என்ன நெனைப்பாங்க? முப்பத்தொரு வருஷம் கிளாஸ் எடுத்தவருக்கே தெரியலைன்னு சொல்லுவாங்க அங்கிள். அசிங்கமா இருக்கும்."

"அசிங்கமாத்தான் இருக்கும்," என்றார் சுந்தரராஜ். "போடு."